வலது விளக்கு

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். "எங்காத்துல அந்தக் காலத்துலயே கார் இருந்தது, தெரியுமோ?" உடனே இன்னொருவர் தன் மாமா வீட்டுக் காரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவார். ரப்பர் பந்து ஹார்ன், துணிக் கூரை, ஏறுவதற்குப் பலகை என்று பேச்சு நீளும். நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருந்தது. முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை. உங்கள் எல்லோர் வீட்டுக் காரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் கார் அது. அதைப் பற்றிப் பேச எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். இன்றைக்கு எரிந்தாலும் எரியட்டும், சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயசு. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி ஓடும் வீதிகளில் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா திருச்சி கோர்ட்டில் வக்கீல். ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய அமெரிக்கக் காரை விற்றுவிட்டுப் போனார். அப்பா அதை வாங்கினார். இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் என்று ஞாபகம்.

கார் வந்து நின்ற அன்று வீதியே கூடிவிட்டது. எல்லோரும் காரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். மற்ற கார்களுக்கெல்லாம் இரண்டு பக்கமும் சொம்பு மாதிரி விளக்குகள் துருத்திக்கொண்டு இருக்கும். இதற்கு ஒன்றுமே இல்லை. மட்கார்டு இரண்டும் வழவழவென்று இருந்தன.

எதிர்வீட்டு மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "ஓய், விளக்கில்லாத வண்டியை உம்ம தலையிலே கட்டிட்டுக் கப்பலேறிட்டானே வெள்ளைக்காரன்!"

அப்பா அதற்காகவே காத்திருந்தவர். முன் ஸீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வலது பக்கம். டாஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கைப்பிடி இருந்தது, காபிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தில் இருக்குமே, அந்த அளவு. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சுழற்றினார்கள். கிர்ர் கிர்ர் என்று சத்தம். பத்துப் பன்னிரண்டு சுற்றுக்குள் மட்கார்டின் மேல் ஒரு மூடி புரண்டு திரும்ப, அதன் மறுபக்கத்தில் இருந்த விளக்கு வெளியே வந்து வீதியைப் பார்த்தது. குழந்தைகள் ஓவென்று கத்தினோம். எதிர்வீட்டு மாமா வெற்றிலையை விழுங்கியே விட்டார்.

ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி ஒரு விளக்கைத்தான் திருப்பும். வலது விளக்கு டிரைவர் கையில், இடது விளக்கு பக்கத்தில் உட்காருகிறவர் கையில். இடது கைப்பிடியை அப்பா வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஏதோ பட்டாபிஷேகம் மாதிரி சுழற்றுவார்.

டிரைவர் காரோடு வந்தவர். வெள்ளைக்காரரிடம் அதே வண்டியை ஓட்டியவர். உறையூர்க்காரர், முப்பது வயசுக்கு மேல் இருக்கும், காக்கிச் சட்டையின் காலர் கிழிந்து தைத்திருக்கும். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. விளக்கைத் திருப்பி ஸ்விட்சைப் போட்டதும் இறங்கி முன்னால் போவார். இரண்டும் எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார், உள்ளங்கையை வைத்து வெளிச்சத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் ஏறுவார். அப்பாவுக்கு இது பிடிக்காது. "என்னமோ தீபாராதனையைக் கண்ணிலே ஒத்திக்கற மாதிரி" என்று கேலி செய்வார். டிரைவர் சிரிப்பார். மறுநாளும் இறங்கிப் பார்ப்பார்.

அந்தக் காரை எங்கள் வீட்டில் உண்மையாகப் புரிந்துகொண்டவள் அம்மாதான். இதைச் சொன்னால் என் அண்ணா தம்பிகள் இப்போதும் சிரிப்பார்கள். அம்மா மெட்ராஸில் ஸ்கூல் ஃபைனல் வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய இங்கிலீஷுக்கு எங்கள் வீட்டில் வேலையே இல்லை. காரோடு ஒரு புஸ்தகம் வந்தது, எண்ணெய்க் கறை படிந்த நீல அட்டை. அப்பா அதைத் தூக்கி பீரோ மேல் போட்டார். அம்மா எடுத்துக்கொண்டாள். மத்தியான வேளைகளில் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, விரலால் ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்து படிப்பாள். அதில் பாட்டரி, ஒயர், ஃப்யூஸ், விளக்கு எல்லாம் படமாகப் போட்டிருக்கும். ஒருநாள் சாப்பாடு போடும்போது அப்பாவிடம் சொன்னாள்.

"ஏன்னா, விளக்குக்கு ஒரு ஒயர்தான் வரது. திரும்பிப் போறதுக்கு ஒயரே கிடையாதாம். காரோட இரும்பு உடம்பு வழியாவே பாட்டரிக்குத் திரும்பிடறதாம்."

"சாத்தமுதை ஊத்து" என்று ரசப் பாத்திரத்தைக் காட்டினார் அப்பா.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜை அன்று காருக்கும் பூஜை. அம்மா அன்றைக்குத் தூரம். மூன்று நாளும் கொல்லைப்புற அறையில் ஒதுங்கியிருந்தாள், யாரையும் எதையும் தொடக் கூடாது. டிரைவர் காலையில் காரைக் கழுவித் துடைத்துவிட்டுத் தன் வீட்டுப் பூஜைக்குப் போய்விட்டார். விளக்கு இரண்டும் வெளியே திரும்பியிருக்க, கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது.

அப்பா திருமண்ணைக் குழைத்துக் காரின் மூக்கில் பெரிசாக நாமம் போட்டார், நடுவில் ஸ்ரீசூர்ணம் சிவப்பாக. எதிர்வீட்டு மாமா விடுவாரா? "வண்டி வடகலையா, தென்கலையாங்காணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "ஒண்ணோட விடப்போறதில்லை. பன்னிரண்டும் போட்டுடலாம். மீதியை நீ போடுடி" என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நம்மவர்கள் பூஜைக்கு உட்காரும்முன் உடம்பில் பன்னிரண்டு இடத்தில் திருமண் இட்டுக்கொள்வார்கள், உங்களுக்குத் தெரியும். அப்பா இட்டுக்கொள்வதை தினமும் பார்ப்பேன். வயிறு, மார்பு, கழுத்து, தோள், கை என்று போய்க் கடைசியில் முதுகுக்கு வந்து, பின்கழுத்தில் முடியும். நான் அந்த வரிசை தப்பாமல் காருக்கும் இட்டேன். கதவு தோள், சக்கரம் கை, பின்பக்கப் பெட்டி இடுப்பு. பின்கழுத்து எது? தலை மாதிரி எழும்பி நின்றது விளக்குதான். விளக்கைத் தாங்கும் இரும்புக் கைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அதுதான் பின்கழுத்து என்று தீர்மானித்தேன். நான் நின்ற பக்கம் வலது விளக்கு. கிண்ணத்தில் மிஞ்சியிருந்த கெட்டித் திருமண் அத்தனையையும் வழித்து அந்தச் சந்தில் வைத்து விரலால் அமுக்கினேன். நன்றாக ஒட்டிக்கொண்டது. எனக்கு ரொம்பப் பெருமை. பூஜை முடிந்து, அது காயும்முன் அப்பாவே இரண்டு விளக்கையும் திருப்பி உள்ளே மூடினார்.

மறுநாள் விஜயதசமி. அண்ணா தம்பிகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பா, நான், டிரைவர் மூன்று பேரும் முக்கொம்பு போனோம். அணையில் தண்ணீர் கரை முட்டி ஓடியது. புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். டிரைவர் தனியாக மரத்தடியில் உட்கார்ந்து தன் தூக்கைத் திறந்து சாப்பிட்டார். சூரியன் சாய்ந்ததும் அப்பாவுக்கு அவசரம் வந்தது. சாயங்காலம் பெருமாள் புறப்பாட்டுக்குள் வீதியில் போய் இறங்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும்.

கரூர் சாலையில் பாதி தூரம் வருவதற்குள் மங்கிவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். அப்பா தன் கைப்பிடியைச் சுழற்றினார், டிரைவர் தன்னுடையதைச் சுழற்றினார். நான் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம், கன்னத்தைத் தோல் ஸீட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்த தோல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடித்தது. டிரைவரின் முழங்கை மேலும் கீழும் போய் வருவதை எண்ணினேன். பதினோரு சுற்று. ஸ்விட்ச் டக்கென்றது. சாலையில் இடது பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்தது.

"சாமி, வலது பக்கம் எரியலைங்க. வெளக்கு வெளிய வந்திருச்சு, வெளிச்சத்தைக் காணோம். ஒரு நிமிசம் எறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஒண்ணு எரியறதோல்லியோ? போறும், எடு. புறப்பாடு ஆயிடும்."

"ஒத்தை வெளக்கோட போறது நல்லாயில்லீங்க சாமி. எதிர வர்றவன் ஏமாந்துருவான்."

"எனக்கே பாடம் சொல்றியா? எடுடா வண்டியை!"

அவர் எடுத்தார். பாவி மனுஷர், அன்றைக்கு மட்டும் இறங்கிப் பார்க்காமல் எடுத்தார்.

எதிரில் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. டிரைவர் ஹார்னை அடித்துக்கொண்டே இடது ஓரமாக ஒதுங்கினார். வண்டிக்காரனும் ஒதுங்கினான், ஆனால் போதிய அளவு ஒதுங்கவில்லை. வண்டிச் சக்கரம் காரின் பின்கதவில் மாட்டி இழுத்தது. என் பக்கத்துக் கதவு. பெரிய சத்தம். வண்டி சரிவில் குடைசாய்ந்தது. நசுங்கிய வாழைப்பழத்தின் வாசனை வந்தது, அப்புறம் மனுஷன் அலறுகிற சத்தம். டிரைவர் ஓடிப்போய் வண்டிச் சக்கரத்துக்குத் தோளைக் கொடுத்தார். அப்பா இறங்கினார். இறங்கி, கதவில் எவ்வளவு நசுங்கல் என்று தடவிப் பார்த்தார். இதை நான் பார்த்தேன். வாழைப்பழ வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அப்பாவின் அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

அந்த வண்டிக்காரனை எங்கள் காரிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே காரை நிறுத்தியதும் விளக்கு இரண்டையும் அப்பாவே உள்ளே மூடினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் போலீஸிடம் சொன்னான்: "ஒத்தை வெளிச்சங்க. மோட்டார் சைக்கிளுன்னு நெனச்சு அந்த அளவுக்குத்தாங்க ஒதுங்கினேன்."

அப்பா அங்கேயே, நின்ற நிற்பிலேயே சொல்லிவிட்டார். "என் பக்கத்துக் கைப்பிடியை நான் சுத்தினேன். அவன் பக்கத்தை அவன் சுத்த மறந்துட்டான்." பதறவில்லை. கொஞ்சம் வருத்தம்கூடக் குரலில் வைத்திருந்தார். கைப்பிடியைச் சுற்றவில்லை என்றால் டிரைவர் ஜெயிலுக்குப் போவார், லைசென்ஸும் போகும். சுற்றியும் விளக்கு எரியவில்லை, சொல்லியும் கேட்காமல் எடுக்கச் சொன்னார் என்றால் அப்பாவின் மானம் போகும். இவ்வளவுதான் விஷயம். பத்து வயசில் எனக்கே புரிந்தது.

அம்மா நாலாம் நாள் தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு உள்ளே வந்தாள். காரில் நடந்ததையெல்லாம் அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தலையில் ஈரத்துண்டோடு நீல அட்டைப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே கார்க் கொட்டகைக்குப் போனாள். டிரைவர் ஸீட்டில் அவள் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கைப்பிடியைச் சுழற்றினாள். விளக்கு வெளியே வந்தது. ஸ்விட்சைப் போட்டாள். எரியவில்லை. அவள் முகத்தில் ஒரு பிரகாசம்.

"இங்க பாருடி" என்று புஸ்தகத்தை விரித்தாள். "பெருமாள் புறப்பாடு மாதிரிதான் இது. பாட்டரியிலேந்து கிளம்பி, ஸ்விட்ச் வழியா விளக்குக்கு வந்து, வீதியைச் சுத்தித் திரும்ப ஆஸ்தானத்துக்குப் போயாகணும். நடுவிலே ஒரு இடத்துல வழி அடைச்சா புறப்பாடே கிடையாது. விளக்கு முழுசா வெளியே வந்தப்புறம்தான் இந்தப் பித்தளை நாக்கு எதிர்த் தகட்டைத் தொடும். உள்ளே மூடியிருக்கறச்சே எரிஞ்சு சூடாயிடப்படாதுன்னு அப்படி வெச்சிருக்கான்." இறங்கி முன்னால் போய் விளக்கின் பின்னால் குனிந்தாள். ஈரத்தோடு விளக்கை மூடியதில் பித்தளை நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் இறங்கி, திருமண் கல்லாகக் காய்ந்திருந்தது. என் விரல் பதிந்த பள்ளம்கூடத் தெரிந்தது.

"யார் வெச்சா இதை?"

"நான்தான். பின்கழுத்துக்கு."

அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அங்கே வைக்கப்படாதுன்னு உனக்கு யார் சொன்னா, பாவம்" என்று தலையைத் தடவினாள். திருமண்ணைத் தொடவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று அப்பாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

அப்பா வந்தார். அம்மா மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு அவர் சாத்தமுது கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார், இரண்டு இடத்தில் கேள்விகூடக் கேட்டார். அப்புறம் சொன்னார். "சரி, அதைச் சுரண்டிட்டுக் காட்டு. எரியறதா பார்ப்போம்."

அம்மா கொண்டை ஊசியை எடுத்துத் திருமண்ணைத் துளித் துளியாகச் சுரண்டி, புடவைத் தலைப்பால் பித்தளையைத் தேய்த்தாள். ஸ்விட்சைப் போட்டதும் கொட்டகைச் சுவரில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. அம்மா சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"பேஷ்! கெட்டிக்காரிதான் நீ. மெக்கானிக்குக்குக்கூட இது தெரியாது" என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்து அவர் அம்மாவைப் புகழ்ந்தது அது ஒரு தடவைதான். அம்மாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "பாவம், அந்த டிரைவர். போலீசுக்குச் சொல்லிடுங்கோ" என்றாள். "ஆகட்டும், நாளைக்கே இன்ஸ்பெக்டரை வந்து பார்க்கச் சொல்றேன்" என்றார் அப்பா. அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

மறுநாள் காலையில் அப்பா காபி குடிக்கும்போது அவள் கேட்டாள். "இன்ஸ்பெக்டர் வந்தா நானே விளக்கிச் சொல்லட்டுமா? உங்களுக்கு அந்த நாக்கு விஷயம் மறந்துடும்."

"என்னன்னு சொல்லுவே? திருமண்ணை வெச்சது என் பொண்ணுன்னா? அவளைக் கூண்டிலே ஏத்தி, ஒருத்தன் காலை எடுத்தது நீதானேன்னு கேப்பா. கேக்கட்டுமா?"

அம்மா நின்றுவிட்டாள். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. தான் எதைச் சுரண்டி எறிந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பத்து வயசுப் பெண்ணை யாரும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள் என்று வக்கீலான அவருக்குத் தெரியாதா? அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். டிரைவரையும் கூட்டிவந்திருந்தார்கள். அதே காக்கிச் சட்டை, தோளில் இன்னும் வண்டிச் சேறு. அம்மா கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"நீயே சுத்திக் காட்டுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

டிரைவர் நம்பிக்கையோடுதான் ஏறினார். இப்போது எரியாது, எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்கிற நம்பிக்கை. சுழற்றினார், ஸ்விட்சைப் போட்டார். சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் இரண்டு. அவர் இறங்கி வந்து வழக்கம்போல் குனிந்து உள்ளங்கையை வலது விளக்கின் முன்னால் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு எரியலீங்க ஐயா. சத்தியமா எரியலை. நான் சுத்தினேன், சாமிகிட்டயும் சொன்னேன்."

"வெளக்கு நல்லாத்தானேப்பா எரியுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பாவுக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

டிரைவர் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "பாப்பா எனக்குப் பின்னாலதான் இருந்துச்சுங்க. அதுக்குத் தெரியும். அதைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து, மிருதுவாகக் கேட்டார். "பயப்படாம சொல்லு பாப்பா. டிரைவர் கைப்பிடியைச் சுத்தினதைப் பாத்தியா?"

அப்பா என்னை மிரட்டவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் ஒரு தடவை சத்தம் போட்டது, அவ்வளவுதான். பதினோரு சுற்று என்று என் வாயில் இருந்தது.

"நான் பார்க்கலை" என்றேன்.

டிரைவர் என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் அன்றைக்கே அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "தூங்கியிருக்கும்ங்க ஐயா. அன்னிக்கு நாளெல்லாம் வெயில்ல அலைஞ்ச குழந்தை" என்றார். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவருக்கு ஆறு மாசம் ஜெயில். லைசென்ஸ் போயிற்று. அப்புறம் அவர் என்ன ஆனார் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. வேலைக்காரனுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத மனுஷர் என்று வீதியில் அப்பாவுக்கு நல்ல பேர் வந்தது. பொங்கலுக்கு முன்னால் காரை விற்றுவிட்டார். அந்த நீல அட்டைப் புஸ்தகத்தை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்தாள். எண்ணெய்க் கறை இருந்ததால் சீக்கிரம் எரிந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள், ஒரு இங்கிலீஷ் எழுத்தைப் படித்து நான் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் ஒருநாள், சம்பந்தமே இல்லாமல், "என்னைக் கெட்டிக்காரின்னு சொன்னார்டி. நம்பிட்டேன்" என்றாள்.

இந்தக் கதையை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம், பிள்ளைகளிடம், பேரன் பேத்திகளிடம். அப்பாவை நார் நாராகக் கிழிப்பேன். அம்மாவுக்காக அழுவேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து அப்பாவைத் திட்டினார்கள், எனக்கு ஆறுதலாக இருந்தது. கடைசியில் எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார், "நீங்களும் கார்லதானே இருந்தேள்? நீங்க ஏன் சொல்லலை?" என்று.

நான் தூங்கிவிட்டேன் என்று சொல்வேன்.